தராசுக்கு ஒரு சாட்சி
சுரங்கத் தொழிலாளர் வாழ்வில் தொழிற்சங்கத்தின் பணி

முன்னுரை

தொழிற்சங்கம் என்றவுடன் நம் சபையார் பலருடைய நினைவில் எழுவது வேலைநிறுத்தமும் ஊர்வலமுமே. போதகர்களாகிய நாமும் இதற்குப் பெரிய விதிவிலக்கு அல்ல. சங்கம் கேட்கும், முதலாளி மறுப்பார், மோதல் எழும், திருச்சபை எவர் பக்கமும் சாராமல் சமாதானத்திற்காக மன்றாட வேண்டும் என்ற அளவில் நம் சிந்தனை பெரும்பாலும் நின்றுவிடுகிறது. ஆனால் சங்கம் தன் உறுப்பினரின் வாழ்வை உண்மையில் எந்த வழியால் மாற்றுகிறது என்னும் கேள்வியை நாம் நிதானமாக எழுப்பிப் பார்ப்பது அரிது.

யோபு நூலின் 28-ஆம் அதிகாரம் சுரங்கத் தொழிலை வேதாகமத்தில் வேறெங்கும் காணாத நுணுக்கத்துடன் வருணிக்கிறது. மனிதர் நடமாட்டமற்ற இடத்தில் குழி தோண்டி, அந்தரத்தில் தொங்கி, இருளின் எல்லைவரை சென்று கல்லைத் தேடும் தொழிலாளி அங்கே நம் கண்முன் நிற்கிறான். எனினும் அவன் வெட்டி எடுத்ததை நிறுத்தவர் யார், அவனுக்குக் கிடைத்த கூலி எவ்வளவு, கயிறு அறுந்தால் அவன் வீட்டாருக்குப் பதில் சொல்பவர் யார் என்பவற்றை அவ்வதிகாரம் கூறுவதில்லை. ஞானம் எங்கே காணப்படும் என்பதே அதன் நாட்டம். சொல்லாமல் விடப்பட்ட அக்கேள்விகளை வரலாற்றில் எழுப்பியவர்கள் சுரங்கத் தொழிலாளரே.

அவ்வரலாற்றை இங்கிலாந்தின் வடகிழக்கிலுள்ள டர்ஹம் நிலக்கரி வயலை முதன்மையாகக் கொண்டு இக்கட்டுரையில் ஆராய்வோம். இறையியல் மாணவர்க்கு இவ்வயல் இரண்டு காரணங்களால் நெருக்கமானது. அங்கே சங்கத்தை வளர்த்தவர்களில் பலர் சிற்றாலயங்களின் பிரசங்கபீடத்தில் பயிற்சி பெற்றவர்கள். அங்கே சமரசம் செய்துவைத்த அத்தியட்சர் ஒருவரோ நம் கிரேக்கப் புதிய ஏற்பாட்டு வகுப்புகளில் நாம் நன்கறிந்த அறிஞர்.

ஆண்டு ஒப்பந்தம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் டர்ஹம் சுரங்கத் தொழிலாளி ‘பாண்ட்’ எனப்பட்ட ஆண்டு ஒப்பந்தத்தால் கட்டுண்டிருந்தான். ஆண்டுக்கு ஒருமுறை ஒப்பந்தத்தின் விதிகள் உரக்க வாசிக்கப்படும். எழுத்தறியாதவர்கள் பெருக்கல் குறியிட்டு அதனை ஏற்றுக்கொள்வார்கள். அதன்பின் அவ்வாண்டு முழுவதும் வேறு முதலாளியிடம் செல்ல இயலாது. மீறியவன் சிறைக்கு அனுப்பப்படக்கூடும். குடியிருந்த வீடும் முதலாளியுடையதே. ஆதலால் வேலை போனால் கூரையும் போகும்.

கூலி, வெட்டிய நிலக்கரியின் அளவைப் பொறுத்தது. நிலத்தடியில் தொட்டி வண்டியை நிரப்பி அனுப்பும் தொழிலாளி, அது மேலே நிறுக்கப்படுவதைக் காண்பதில்லை. நிறுப்பவன் முதலாளியின் ஆள். வண்டியில் கல் மிகுந்திருக்கிறது என்றோ எடை குறைந்திருக்கிறது என்றோ அவன் முடிவு செய்தால் அவ்வண்டி முழுவதற்கும் கூலி இல்லை. அபராதமும் உண்டு. மறுத்துப் பேசத் தொழிலாளிக்குச் சான்று ஏதுமில்லை. தன் கைகளுக்குத் தெரிந்த பாரம் ஒன்றே அவனுடைய சான்று.

லேவியராகமம் 19-ஆம் அதிகாரம், உபாகமம் 25-ஆம் அதிகாரம், நீதிமொழிகள், ஆமோஸ், மீகா ஆகிய இத்தனை இடங்களிலும் கள்ளத்தராசும் கள்ளப் படிக்கல்லும் கண்டிக்கப்படுவதை நாம் அறிவோம். அக்கண்டனத்தை வணிகனின் தனிப்பட்ட நேர்மையைப் பற்றிய போதனையாகவே நாம் பெரும்பாலும் பிரசங்கிக்கிறோம். டர்ஹம் தொழிலாளியின் நிலையில் நின்று வாசிக்கும்போது வேறொரு கேள்வி எழுகிறது. தராசு ஒருவன் கையில் மட்டும் இருக்குமானால், அது கள்ளத்தராசா மெய்த்தராசா என்பதை அறிவது எப்படி?

தோற்றுப்போன முதற் சங்கம்

தாமஸ் ஹெப்பர்ன் தந்தையைச் சுரங்கத்தில் பறிகொடுத்து, எட்டு வயதிலேயே தாமும் சுரங்கத்தில் இறங்கியவர். வேதாகமத்தை வாசிக்கும் அளவுக்குக் கல்வி பெற்றிருந்த அவர், பிரிமிட்டிவ் மெதடிஸ்ட் சபையில் குருப்பட்டம் பெறாத பிரசங்கியாராகப் பணியாற்றினார். அவர் தலைமையில் திரண்ட டர்ஹம், நார்தம்பர்லாந்து தொழிலாளர் 1831-இல் வேலைநிறுத்தம் செய்து வெற்றி கண்டனர். சிறுவர்களின் வேலை நேரம் நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணியாகக் குறைந்தது. இன்று நம்மை நடுங்கச் செய்யும் அந்தப் பன்னிரண்டு மணி, அன்று ஒரு விடுதலை. அதுவரை சிறுவர்கள் அதனினும் நெடுநேரம் இருளில் இருந்தனர்.

மறு ஆண்டு முதலாளிகள் சங்க உறுப்பினரை வேலைக்கு எடுக்க மறுத்தனர். குடும்பங்கள் வீடுகளிலிருந்து வெளியேற்றப்பட்டன. வன்முறை கூடாது என்று ஹெப்பர்ன் ஓயாமல் வற்புறுத்தியும் சில இடங்களில் இரத்தம் சிந்தியது. 1832-இல் சங்கம் உடைந்தது. எங்கும் வேலை கிடைக்காத ஹெப்பர்ன், சிற்றூர்தோறும் தேயிலை விற்றுப் பிழைக்க முயன்றார். அவரிடம் வாங்கினால் தம் வேலை போகும் என்று அஞ்சிய மக்கள் வாங்கத் துணியவில்லை. இறுதியில், இனிச் சங்கத்தோடு தொடர்பு கொள்வதில்லை என்னும் நிபந்தனையை ஏற்று, அவர் மறுபடியும் சுரங்கத்தில் இறங்கினார். 1864-இல் மறைந்தார்.

இத்தோல்வியிலிருந்து நாம் அறிவது ஒன்று உண்டு. ஆட்களின் எண்ணிக்கையும் தலைவரின் நேர்மையும் மட்டும் சங்கத்தை நிலைநிறுத்துவதில்லை. பேசுகிறவனின் அப்பம் யாரைக் குறித்துப் பேசுகிறானோ அவன் கையில் இருக்கும்வரை, பேச்சை நிறுத்துவது எளிது. ஆகவே, வேலையிழக்கும் அச்சமின்றி உண்மையைச் சொல்லக்கூடிய ஒருவனைத் தொழிலாளர் எவ்வாறு தமக்கென ஏற்படுத்திக்கொள்வது என்பதே அடுத்த தலைமுறையின் கேள்வியாயிற்று.

தராசுக்கு ஒரு சாட்சி

1860-ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டம் இதற்கு முதல் வழியைத் திறந்தது. சுரங்க வாயில் தராசருகே நின்று, முதலாளியின் ஆள் நிறுப்பதைக் கண்டு குறித்துக்கொள்ளத் தம்மில் ஒருவரை நியமிக்கும் உரிமையைத் தொழிலாளர் பெற்றனர். எடை சரிபார்ப்பவர் என்று அவரை நாம் அழைக்கலாம். அவருக்குரிய ஊதியத்தை முதலாளி தருவதில்லை. தொழிலாளர் தம் கூலியிலிருந்து தாமே தந்தனர்.

சட்டம் இருந்தும் உரிமை உடனே கைக்கு எட்டவில்லை. எடை சரிபார்ப்பவர் அச்சுரங்கத்தில் வேலை செய்பவராக இருக்க வேண்டும் என்று 1860-ஆம் ஆண்டுச் சட்டம் கூறியிருந்தது. எனவே, விரும்பாத ஒருவர் தேர்ந்தெடுக்கப்பட்டால் முதலாளி செய்ய வேண்டியது எளிது: அவரை வேலையிலிருந்து நீக்கினால், அவர் அச்சுரங்கத்தின் தொழிலாளி அல்லர்; ஆகவே எடை சரிபார்க்கும் தகுதியும் இல்லை. இப்பழுதை நீக்கச் சங்கங்கள் நீதிமன்றங்களிலும் பாராளுமன்றத்தின் வாயிலிலும் ஏறத்தாழ ஒரு தலைமுறைக் காலம் போராடின. 1869-இல் டர்ஹம் சுரங்கத் தொழிலாளர் சங்கம் உருவாயிற்று. 1872-இல் ஆண்டு ஒப்பந்த முறை டர்ஹமில் முடிவுக்கு வந்தது. 1874-இல் சுரங்கத் தொழிலாளராக இருந்த அலெக்சாந்தர் மக்டொனால்டும் தாமஸ் பர்ட்டும் பாராளுமன்ற உறுப்பினராயினர். 1887-ஆம் ஆண்டுச் சட்டத்தால் எடை சரிபார்ப்பவர் அச்சுரங்கத்தில் வேலை செய்பவராகவே இருக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு நீங்கியது. அவரை அகற்ற விரும்பும் முதலாளி நீதிமன்றத்தை நாட வேண்டியதாயிற்று.

இதன் விளைவு தராசோடு நின்றுவிடவில்லை. சுரங்க ஊரில் முதலாளிக்கு அஞ்ச வேண்டாத தொழிலாளி எடை சரிபார்ப்பவர் ஒருவரே. ஆகையால் அவரே சங்கத்தின் உள்ளூர்ச் செயலாளராகவும், முறையீடுகளை எழுதுபவராகவும், விதவையின் இழப்பீட்டு வழக்கைக் கவனிப்பவராகவும் ஆனார். பீட்டர் லீ இதற்குச் சிறந்த சான்று. இளம்பருவத்தில் குடியிலும் சண்டையிலும் பெயர்பெற்ற அவர், வாலிபம் கடக்கும் வேளையில் எழுதப் படிக்கக் கற்றார். பிரிமிட்டிவ் மெதடிஸ்ட் பிரசங்கியாரானார். விட்லி ஹில் சுரங்கத்தில் எடை சரிபார்ப்பவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1919-இல் டர்ஹம் மாவட்ட மன்றம் தொழிற்கட்சியின் பொறுப்பில் வந்தபோது அதன் தலைவரானார். குடிநீர்த் திட்டத்திற்காக அவர் உழைத்த உழைப்பு இன்றும் நினைவுகூரப்படுகிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் எழுந்த புது நகரம் ஒன்று அவர் பெயரால் பீட்டர்லீ என வழங்குகிறது. தராசருகே நின்று சரியாக எழுதப் பழகிய கை, ஒரு மாவட்டத்தின் கணக்கையே எழுதத் தகுதி பெற்றது எனலாம்.

காற்றுக்கு ஒரு சாட்சி

கூலியைவிடப் பெரியது உயிர். 1862 ஜனவரி 16-ஆம் நாள் நார்தம்பர்லாந்தின் நியூ ஹார்ட்லி சுரங்கத்தில், நீர் இறைக்கும் இயந்திரத்தின் மாபெரும் இரும்பு உத்தரம் முறிந்து சுரங்கக் குழிக்குள் விழுந்தது. உள்ளே செல்லவும் வெளியே வரவும் அச்சுரங்கத்திற்கு ஒரே குழிதான் இருந்தது, அது அடைபட்டது. சிறுவர் உட்பட 204 பேர் மாண்டனர். மீட்புக்குழு அவர்களை அடைந்தபோது கிடைத்த சிறு குறிப்பேடு ஒன்று, காற்று நஞ்சாகிக்கொண்டிருந்த வேளையில் அவர்கள் ஜெபக்கூட்டம் நடத்தி ஒருவரையொருவர் தேற்றிக்கொண்டதைத் தெரிவித்தது.

இந்நிகழ்ச்சியைப் பக்திக்குரிய எடுத்துக்காட்டாகக் கூறுவது எளிது. அம்மக்களின் விசுவாசம் மெய்யானதே. ஆயினும் அவர்கள் மாண்டது இரண்டாவது குழி இல்லாமையால். இரண்டாவது குழி வெட்டச் செலவு அதிகம் என்பதால் அது வெட்டப்படவில்லை. அதன் தேவையை உணர்ந்தவர்கள் அதை வற்புறுத்தும் நிலையில் இல்லை. அவ்வாண்டிலேயே புதுச் சுரங்கங்களுக்கு இரண்டு வழிகள் வேண்டும் என்று சட்டம் இயற்றப்பட்டது.

1872-ஆம் ஆண்டுச் சட்டம் அடுத்த படியாக அமைந்தது. தொழிலாளர் தம்முள் இருவரைத் தம் செலவில் நியமித்து, மாதம் ஒருமுறையேனும் சுரங்கத்தின் எல்லாப் பகுதிகளையும் சோதித்து, கண்டதை ஏட்டில் பதிவு செய்யும் உரிமையை அது தந்தது. அரசாங்கத்தின் ஆய்வாளர்கள் முன்பே இருந்தனர்; ஆனால் அவர்கள் தொகையில் சிலர். ஒரு சுரங்கத்தை ஆண்டுக்கு எத்தனை முறை அவர்களால் காண இயலும்? கூரையின் எந்தப் பகுதி நேற்று முறுமுறுத்தது, எந்த மூலையில் விளக்கின் சுடர் நீலம் பாய்கிறது என்பதை அன்றாடம் அங்கே உழைப்பவனே அறிவான். அவன் அறிந்ததை எழுத்தில் ஏற்றி, முதலாளியும் அரசும் மறுக்க இயலாத பதிவாக ஆக்குவதே இவ்வுரிமையின் பொருள்.

இவ்வுரிமையை ஏட்டில் வைத்திருப்பதற்கும் பயன்படுத்துவதற்கும் உள்ள தூரத்தை வட வேல்சிலுள்ள கிரெஸ்போர்டு சுரங்கம் காட்டியது. 1934 செப்டம்பர் 22-ஆம் நாள் நிகழ்ந்த வெடிப்பில் அங்கே 266 பேர் இறந்தனர். தொடர்ந்த விசாரணையில், அதற்கு முந்திய மாதங்களில் காற்றோட்டம் அளக்கப்படவே இல்லை என்றும், அளந்ததுபோல் பொய்யெண்கள் ஏட்டில் எழுதப்பட்டன என்றும் வெளிப்பட்டது. வேலையில்லாத் திண்டாட்டம் மிகுந்திருந்த அக்காலத்தில் அங்கே சங்கம் வலுவிழந்திருந்தது. வேலை போகும் என்ற அச்சத்தால் பலர் முறையிடத் துணியவில்லை. ஏடுகளைச் சரிவர வைக்காத குற்றத்திற்காக அந்நிறுவனத்திற்கு விதிக்கப்பட்ட அபராதம் 140 பவுன். இறந்தோரில் மிகப் பலருடைய உடல்கள் இன்றும் அச்சுரங்கத்தினுள்ளேயே இருக்கின்றன.

சட்டம் இருந்தது, ஏடு இருந்தது, அளக்கும் கருவியும் இருந்தது. இல்லாதது, பொய்யெண்ணைப் பொய்யென்று சொல்லத் துணிவும் பாதுகாப்பும் பெற்ற ஒரு சாட்சி. சங்கம் எவ்வாறு நிலைமையை மேம்படுத்துகிறது என்னும் கேள்விக்கு நாம் காணும் விடை இதுவே: கண்காணிக்கப்படுபவனின் கையில் தன் பிழைப்பை வைத்திராத ஒரு கண்காணியைத் தொழிலாளர் தரப்பில் அது ஏற்படுத்துகிறது. வேலைநிறுத்தம் அச்சாட்சியின் குரலுக்குப் பின்னால் நிற்கும் வலிமை. ஆனால் அன்றாடப் பயன் விளைவது சாட்சியால்.

ஆக்லாந்து மாளிகையில் ஒரு நாள்

இனி, திருச்சபைத் தலைவர் ஒருவர் ஆற்றிய பங்கைக் காண்போம். ஹோர்ட் என்பவருடன் இணைந்து 1881-இல் கிரேக்கப் புதிய ஏற்பாட்டை வெளியிட்ட புரூக் ஃபாஸ் வெஸ்ட்கட், 1890-இல் டர்ஹம் அத்தியட்சரானார். 1892 மார்ச் மாதம் டர்ஹம் சுரங்கங்கள் அனைத்திலும் வேலை நின்றது. நிலக்கரியின் விலை வீழ்ந்ததால் கூலியைக் குறைக்க வேண்டும் என்றனர் முதலாளிகள், தொழிலாளர் மறுத்தனர். வாரங்கள் செல்லச் செல்லப் பட்டினி மிகுந்தது. முதலாளிகள் கேட்ட குறைப்போ நூற்றுக்குப் பதின்மூன்றரையாக உயர்ந்தது. ஜூன் 1-ஆம் நாள் வெஸ்ட்கட் இரு தரப்பினரையும் தம் ஆக்லாந்து மாளிகைக்கு அழைத்தார். நூற்றுக்குப் பத்து என்னும் குறைப்போடு அன்றே உடன்பாடு ஏற்பட்டது.

தொழிலாளருக்கு இது வெற்றியன்று. கூலி குறையத்தான் செய்தது. ஆயினும் வெஸ்ட்கட் வற்புறுத்தியது அந்நாளைய உடன்பாட்டோடு முடியவில்லை. வருங்காலத்தில் கூலியைப் பற்றிய வழக்குகளை இரு தரப்பின் பிரதிநிதிகளும் ஒரே மேசையில் அமர்ந்து தீர்க்கும் சமரசக் குழு வேண்டும் என்றார். 1895-இல் அது அமைந்தது. மேசையின் ஒருபுறம் அமரத் தொழிலாளருக்கு ஏற்கனவே ஒரு சங்கம் இருந்ததாலேயே அத்தியட்சரின் அழைப்புக்குப் பொருள் இருந்தது என்பதை நாம் மறத்தலாகாது. தனித்தனியாய் நிற்கும் பல்லாயிரம் பேரோடு எவராலும் சமரசம் பேச இயலாது. சங்கம் சமாதானத்திற்குத் தடை என்று எண்ணுவோர் இதனைச் சிந்திக்க வேண்டும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 1984 மார்ச் முதல் 1985 மார்ச் வரை நடந்த பெரும் வேலைநிறுத்தத்தின்போது டர்ஹம் அத்தியட்சராகப் பொறுப்பேற்ற டேவிட் ஜென்கின்ஸ், தம் முதற் பிரசங்கத்திலேயே, ஒரு தரப்பின் வெற்றியை நாடாமல் விரைவான இணக்கத்தை நாடுமாறு வேண்டினார். அவர் சொல் ஏற்கப்படவில்லை. சங்கம் தோற்றது, சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. டர்ஹம் வயலின் கடைசி ஆழ்சுரங்கமான மங்க்வேர்மவுத் 1993-இல் மூடப்பட்டது. சமரசம் என்பது இரு தரப்பும் அமர விரும்பும்போதே கைகூடும். விரும்பாத காலத்தில் அதைச் சொல்லி வைப்பதும் திருச்சபையின் கடமைகளுள் ஒன்றே.

சங்கத்தின் குறை

சங்கத்தைப் புகழ்வதோடு நாம் நின்றுவிட்டால் இறையியல் நோக்கில் அது முழுமையாகாது. டர்ஹமில் நிலக்கரி வெட்டும் பெரியவர்கள் இரண்டு முறைகளாகப் பிரிந்து, ஒவ்வொருவரும் ஏறத்தாழ ஏழு மணி நேரம் உழைத்தனர். அவ்விரு முறைகளுக்கும் இடைவிடாது வண்டி தள்ளிய சிறுவர்களோ பத்து மணி நேரம் உழைத்தனர். 1889-இல் உருவான பிரிட்டிஷ் சுரங்கத் தொழிலாளர் கூட்டமைப்பு, எல்லாருக்கும் எட்டு மணி நேரம் என்று சட்டம் வேண்டும் எனக் கேட்டபோது, அதைப் பல்லாண்டுகள் எதிர்த்தவற்றுள் டர்ஹம் சங்கமும் ஒன்று. அச்சட்டத்தால் தம் ஏழு மணி நேர ஏற்பாடு குலையும் என்று பெரியவர்கள் அஞ்சினர். 1908-இல் தான் எட்டு மணி நேரச் சட்டம் நிறைவேறியது.

அச்சிறுவர்கள் வேற்றவர் அல்லர். அப்பெரியவர்களின் சொந்தப் பிள்ளைகள். தராசுக்குச் சாட்சியை ஏற்படுத்திய அதே சங்கம், தன் வீட்டுப் பிள்ளைகளின் நேரத்திற்குச் சாட்சியாக நிற்கத் தயங்கியது. ஒடுக்கப்பட்டோரின் அமைப்பும் பாவத்திற்கு அப்பாற்பட்டதன்று என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. ஆகையால் எந்தச் சங்கத்தையும் நோக்கி நாம் கேட்க வேண்டியது: உன்னுள் குரலற்றவர் யார்? நிரந்தரத் தொழிலாளரின் சங்கத்தில் ஒப்பந்தத் தொழிலாளிக்கு இடம் உண்டா? பெண்களுக்கு உண்டா?

அதே சமயத்தில் அச்சங்கத்தார் வலிமையற்றோரை முற்றும் மறந்தவர் என்று சொல்வதும் நியாயமாகாது. வேலைக்கு உதவாத முதுமையில் முதலாளியின் வீட்டைவிட்டு வெளியேற வேண்டியிருந்த முதியோருக்காக, மெதடிஸ்ட் பிரசங்கியாரான ஜோசப் ஹாப்பர் முதலானோர் 1898-இல் முதியோர் இல்லச் சங்கம் ஒன்றைத் தோற்றுவித்தனர். தொழிலாளர் தம் கூலியிலிருந்து தந்த சிறு தொகைகளே அதன் மூலதனம். அவ்வமைப்பு இன்றும் இயங்குகிறது.

இந்தியச் சுரங்கங்கள்

வெஸ்ட்கட்டின் மக்களுள் ஒருவரான ஃபாஸ் வெஸ்ட்கட், 1905-இல் சோட்டா நாகபுரியின் அத்தியட்சரானார். இந்திய நிலக்கரித் தொழிலின் இதயமான ஜரியா வயல் அப்பீடபூமியைச் சார்ந்ததே. அங்கே உழைத்தவர்களில் ஆதிவாசி மக்களும் தாழ்த்தப்பட்ட மக்களும் மிகுதி. கணவன் வெட்ட மனைவி கூடையில் சுமப்பது அங்கே வழக்கமாயிருந்தது. 1921-இல் அகில இந்திய தொழிற்சங்க காங்கிரசின் இரண்டாம் மாநாடு ஜரியாவிலேயே கூடியது. 1923-ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டம் பதின்மூன்று வயதுக்குட்பட்ட சிறுவர் சுரங்கத்தில் உழைப்பதைத் தடுத்தது. பெண்கள் நிலத்தடியில் உழைப்பது 1929 முதல் படிப்படியாக விலக்கப்பட்டது. போர்க்காலத்தில் 1943-இல் அத்தடை தளர்த்தப்பட்டு, 1946-இல் மீண்டும் நடைமுறைக்கு வந்தது. நிலக்கரித் தொழில் 1970-களின் தொடக்கத்தில் தேசியமயமாக்கப்பட்டபின், சங்கங்களும் நிர்வாகமும் ஒரே மேசையில் அமர்ந்து செய்த தேசிய ஊதிய உடன்பாடு 1975 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது.

அதே 1975-இன் இறுதியில், டிசம்பர் 27-ஆம் நாள், தன்பாத் அருகேயுள்ள சஸ்நாலாவில், நீர் நிறைந்து கிடந்த பழைய சுரங்கப் பகுதியிலிருந்து வெள்ளம் உடைத்துப் பாய்ந்து 375 பேரைக் கொன்றது. கூலிக்கு ஒரு மேசை அமைந்துவிட்டால் உயிருக்கும் அமைந்துவிட்டது என்று எண்ணலாகாது. 1955-ஆம் ஆண்டுச் சுரங்க விதிகளில் பின்னாளில் சேர்க்கப்பட்ட பிரிவொன்று, ஐந்நூறு பேருக்குக் குறையாத சுரங்கங்களில் தொழிலாளர் ஆய்வாளர்களை ஏற்படுத்தியது. ஆனால் அவர்களைச் சங்கத்தோடு கலந்து நியமிப்பவர் நிர்வாகத்தாரே. டர்ஹம் தொழிலாளர் தம் சொந்தக் காசில் நிறுத்திய சாட்சிக்கும் இதற்குமுள்ள வேறுபாட்டை வாசகர் உணர்வர்.

மத்திய இந்தியாவில் தல்லி-ராஜ்ஹராவின் இரும்புத்தாதுச் சுரங்கங்களில் உழைத்த ஒப்பந்தத் தொழிலாளர், பெரிய சங்கங்கள் தமக்காகப் பேசாத நிலையில், 1977-இல் சங்கர் குகா நியோகியின் துணையோடு தமக்கென ஒரு சங்கம் அமைத்தனர். அவ்வாண்டு ஜூன் மாதத்தில் நிகழ்ந்த துப்பாக்கிச் சூட்டில் அவர்களுள் பலர் உயிரிழந்தனர். அவர்களின் நினைவாக 1983-இல் தொழிலாளர் தம் பணத்தாலும் உழைப்பாலும் ஒரு மருத்துவமனையை எழுப்பினர். மதுவை எதிர்த்தும் அச்சங்கம் பாடுபட்டது. நியோகி 1991 செப்டம்பர் 28-ஆம் நாள் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர்கள் கட்டிய மருத்துவமனை நிலைத்தது.

சங்கமே இல்லாத இடத்தின் நிலையையும் கருத வேண்டும். மேகாலயாவின் கிழக்கு ஜெயின்டியா மலைப்பகுதியில், ஆள் நுழையும் அளவே உள்ள எலிவளைச் சுரங்கங்களைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2014-இல் தடை செய்தது. எனினும் 2018 டிசம்பர் 13-ஆம் நாள் அத்தகைய சுரங்கம் ஒன்றில் வெள்ளம் புகுந்து பதினைந்து பேர் சிக்கினர். தீர்ப்பு இருந்தது, சாட்சி இல்லை. மேகாலயா கிறிஸ்தவர் பெரும்பான்மையினராக வாழும் மாநிலம் என்பதை நாம் நினைவிற்கொள்வது நல்லது.

நமக்குரிய பாடம்

இவற்றிலிருந்து போதகர்களும் இறையியல் மாணவரும் பெறத்தக்கவை சில உண்டு.

முதலாவது, டர்ஹம் சிற்றாலயங்கள் தொழிற்சங்கத்தை நடத்தவில்லை. கூட்டத்தில் எழுந்து நின்று பேசவும், நடவடிக்கைக் குறிப்பு எழுதவும், காணிக்கைக் கணக்கைக் காசு பிசகாமல் ஒப்புவிக்கவும் அவை எளியோரைப் பழக்கின. தேவனுக்கு முன்பாக நின்று பேசத் துணிந்தவன், பின்னர் முதலாளிக்கு முன்பாகவும் நின்று பேசினான். நம் சபைகளில் கூலிவேலை செய்வோர் எத்தனை பேர் குழுக்களில் பொறுப்பேற்றுப் பேசுகிறார்கள்? அவர்களுக்காக நாம் பேசுவது எளிது. அவர்கள் பேச இடம் தருவதே பெரிய ஊழியம்.

இரண்டாவது, விபத்துக்குப் பின் வழங்கும் உதவி, விபத்துக்கு முன் நிற்க வேண்டிய சாட்சிக்கு ஈடாகாது. விதவைக்கு அரிசியும் துணியும் கொண்டு செல்லும் நாம், அவள் கணவன் இறங்கிய குழியின் காற்றை அளந்தது யார் என்றும் கேட்கக் கடமைப்பட்டவர்கள். யாக்கோபு நிருபத்தின் ஐந்தாம் அதிகாரம், பிடித்துவைக்கப்பட்ட கூலியே தேவனுடைய செவியில் கூக்குரலிடுவதாகப் பேசுகிறது. அக்கூக்குரலுக்கு மனிதர் நடுவிலும் செவி உண்டாக வேண்டும்.

மூன்றாவதே நமக்குக் கடினமானது. திருச்சபையும் ஒரு முதலாளி. நம் பள்ளிகளிலும் மருத்துவமனைகளிலும் விடுதிகளிலும் அலுவலகங்களிலும் சம்பளம் பெறுவோர் பலர். அவர்கள் முறையிட வேண்டுமாயின் யாரிடம் செல்கிறார்கள்? சம்பளம் தரும் கையிடமேயா? ‘நாம் ஒரே குடும்பம், நமக்குள் சங்கம் எதற்கு?’ என்று நம் நிர்வாகக் குழுக்களில் சொல்லப்படுவது உண்டு. டர்ஹம் முதலாளிகளிலும் ஆலயத்திற்குச் செல்வோர் பலர் இருந்தனர். தம் ஆட்களைத் தாமே நன்கு கவனிப்பதாக அவர்களும் எண்ணினர். அவர்களுள் நேர்மையானவரும் இருந்திருப்பர். ஆயினும் தராசருகே வேறொருவர் நிற்பதை மெய்யாகவே நேர்மையான முதலாளி எதற்காக அஞ்ச வேண்டும்?

டர்ஹமில் இன்று ஆழ்சுரங்கம் ஒன்றும் இல்லை. எனினும் ஆண்டுதோறும் ஜூலை மாதத்தில் சுரங்கத் தொழிலாளர் தம் பழைய சங்கக் கொடிகளை ஏந்தி ஊர்வலமாகச் சென்று, பேராலயத்திற்குள் அவற்றைக் கொண்டுசென்று ஆராதிக்கிறார்கள். கிரெஸ்போர்டில் இறந்தோர் நினைவாக ராபர்ட் செயின்ட் என்னும் சுரங்கத் தொழிலாளி அமைத்த இராகம் அப்போது இசைக்கப்படுகிறது. சங்கக் கொடிக்குப் பேராலயத்தில் இடம் கிடைத்தது ஒரு நாளில் அன்று. அதற்கு ஒரு நூற்றாண்டின் போராட்டமும் சில கிறிஸ்தவர்களின் உண்மையும் தேவைப்பட்டன. நம் நிறுவனங்களில் உழைப்போரின் சாட்சிக்கு நம் ஆலோசனை மேசையில் ஓர் இடத்தை ஒதுக்க நமக்கு எவ்வளவு காலம் வேண்டும் என்பதை நாம்தான் தீர்மானிக்க வேண்டும்.